மாமி முன்கூட்டித் திறந்த வருஷம்

சாலைக் கடைத்தெருவில் ஒரு பலசரக்கு மொத்தக் கடைக்கு நான் பில் போடும் மென்பொருள் எழுதிக் கொடுத்திருந்தேன். முறையாகப் படித்தவனல்ல, பஸ்ஸில் வீடியோ பார்த்துக் கற்றதுதான். அங்கே கணக்கைப் பார்த்துக்கொண்டவர் கரமனையிலிருந்து வரும் ஒரு மாமி. கம்ப்யூட்டர் மந்தமானால், "இதுக்கு இன்னும் யாரும் காப்பி குடுக்கலையோ?" என்பார். அந்தப் பேச்சைக் கேட்கவே வேலை இல்லாத நாளிலும் போவேன்.

ஒவ்வொரு பில்லும் எந்தக் கணக்கு வருஷத்தில் சேரும் என்று கண்டுபிடிக்க ஒரு குவெரி, அதாவது கம்ப்யூட்டர் பட்டியலிடம் கேட்கும் கேள்வி, எழுதினேன். இன்றைய தேதி எந்த வருஷத்தின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நடுவே வருகிறது என்று அது கேட்டிருக்க வேண்டும். நான் கேட்டதோ, பட்டியலில் கடைசி வருஷம் எது என்று. கடைசியில் இருப்பதுதானே நடப்பு வருஷம், வேறென்ன?

மாமிக்கோ ஏப்ரல் வரை காத்திருக்கும் வழக்கமில்லை. மார்ச்சிலேயே நல்ல நாள் பார்த்துப் புதுப் பேரேட்டில் பிள்ளையார் சுழி போட்டுவைப்பார். பேரேடு போய்க் கம்ப்யூட்டர் வந்தும் அதேதான். ஒரு வியாழக்கிழமை காலை புது வருஷத்தைச் சேர்த்து, குறிப்புக் கட்டத்தில் ஒரு 'உ' அடித்தார். அதிலிருந்து மார்ச் மாதப் பில்லெல்லாம் புது வருஷத்து எண்ணில் போயின.

ஆறாம் நாள், சரக்கு எடுக்கும் கல்லாற்றுக் கடைக்காரர் ஒருவர் பில்லில் அடுத்த வருஷத்து எண்ணைப் பார்த்துவிட்டு ஃபோன் செய்தார். முதலாளி எல்லோர் முன்னாலும் கேட்டார்: "என்ன மாமி, கம்ப்யூட்டருக்கும் ராகுகாலம் பாத்தியளோ? கணக்கையெல்லாம் கெடுத்து ஆகெ குளமாக்கியாச்சு!"

கடையே சிரித்தது. அடித்தல் திருத்தல் இல்லாத கணக்கு என்று பேர் வாங்கிய மாமி எழுந்து நின்றார். "நான்தான் அவசரப்பட்டுத் தொறந்துட்டேன். தப்பு என்னோடதுதான்."

என் மடியில் லேப்டாப் திறந்திருந்தது. அந்த ஒரு வரியை அதற்குள் பார்த்துவிட்டேன். வருஷத்தை முன்கூட்டித் திறப்பது தப்பே இல்லை. நான் ஒழுங்காக எழுதியிருந்தால் மென்பொருள் தாங்கியிருக்கும். சொன்னால் பக்கத்துக் கடை வேலைகளும் கைவிட்டுப் போகுமே என்று பயந்தேன். "சரி பண்ணிடலாம் முதலாளி" என்றேன், பெரிய மனசு பண்ணுகிறவனைப் போல.

"நோக்கு வேற வேலை வெச்சுட்டேனே, கோச்சுக்காதே" என்றார் மாமி.

வரியை மாற்றப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. பில்களை மாமிதான் மூன்று நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தினார்.

இப்போதெல்லாம் ஏப்ரல் முதல் தேதி காலையில் அவர் ஃபோன் வரும். "இன்னிக்குத் தொறக்கலாமா? நீ சொன்னா சரி." நாள் நட்சத்திரம் எதுவும் பார்ப்பதில்லை. எப்போது வேண்டுமானாலும் திறக்கலாம் மாமி என்று சொல்ல ஒவ்வொரு வருஷமும் வாயெடுக்கிறேன். அப்படியானால் அன்றைக்கு என்ன ஆச்சு என்று கேட்பாரே. "தொறக்கலாம் மாமி" என்று மட்டும் சொல்லி ஃபோனை வைத்துவிடுகிறேன்.