கீழ் சிலிண்டர்

நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். இதில் நான் எதையும் கூட்டவில்லை. குறைத்துச் சொல்லத்தான் பலமுறை பார்த்தேன், முடியவில்லை. இதை அனுபவித்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். நடுராத்திரி இல்லை, பாழடைந்த பங்களா இல்லை. பட்டப்பகலில், ஒரு தகரக் கொட்டகையில் ஆரம்பித்தது.

அவர் படகு மோட்டார் மெக்கானிக். ஏரிக்கரையை ஒட்டிக் கொட்டகை, பின்னாலேயே வீடு. எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியாத பெரிய ஏரி அது. நடுத்தண்ணீரில் எவன் மோட்டார் நின்றுபோனாலும் முதலில் இவரைத்தான் திட்டுவான், அப்புறம் இவரிடமே வந்து நிற்பான். கைசுத்தமான வேலைக்காரர். வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

அவருடைய மனைவிக்கு ஒரு தம்பி. தாய் முகம் தெரியாதவன். அக்காதான் இடுப்பில் வைத்து வளர்த்தாள். அடுத்தவர் படகில் வலை இழுத்து அலுத்துப்போய், ஒரு வழியாகச் சொந்தப் படகு வாங்கிவிட்டான். மோட்டார் மட்டும் இல்லை. பழைய இரும்புக் கடையின் மூலையில், துருவும் காய்ந்த சேறுமாகக் கிடந்த ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து இறக்கினான்.

"மாமா, உங்க கை பட்டா இது எழுந்து ஓடும்."

"ஏன்டா மாப்ள, இதுக்குப் போஸ்ட்மார்ட்டம்தான்டா பண்ணணும்" என்றார் அவர். ஆனாலும் ஆசை யாரை விட்டது? மறுநாளே பிரித்துப் போட்டுவிட்டார்.

ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சிலிண்டர் உள்ள மோட்டார். பிஸ்டன், ரிங், கேஸ்கட் எல்லாம் புதிதாகப் போட்டார். சிலிண்டரின் உள்சுவரை முகம் தெரிகிற மாதிரி தேய்த்தெடுத்தார். வெளியே நீல பெயிண்ட் அடித்தார். எல்லாம் முடிந்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் கம்ப்ரஷன் கேஜைத் திருகி, ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்தார். பிஸ்டன் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று முள் காட்டும்.

மேல் சிலிண்டர், நூற்றிருபது.

கீழ் சிலிண்டர், எழுபது.

இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஐந்து பத்து வித்தியாசம் என்றால் பரவாயில்லை. ஐம்பது என்றால் எங்கேயோ பெரிய கோளாறு. மறுபடி பிரித்தார். கீழே இருந்த பிஸ்டனை மேலே போட்டார், மேலே இருந்ததைக் கீழே போட்டார். கோளாறு பிஸ்டனோடு போகவில்லை. கீழேயே நின்றது. ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றிப் பார்த்தார். ரிங்கில் கசிவு இருந்தால் எண்ணெய் அதை அடைத்து, முள் ஏற வேண்டும். ஏறவில்லை. சிலிண்டரை மூடும் ஹெட்டைச் சுற்றிச் சோப்பு நுரை தடவினார். ஒரு குமிழிகூட வரவில்லை.

சாப்பாட்டுத் தட்டின் முன்னாலும் அதையே யோசித்துக்கொண்டிருந்தார்.

"பேசாம அந்த மோட்டாரையே கட்டிக்கிட்டிருக்கலாம் நீங்க" என்றாள் மனைவி.

"காத்து வெளியிலயும் போகல, உள்ளயும் இல்ல."

"அப்ப எங்கதான் போகுது?"

அவர் கை கழுவிவிட்டுக் கொட்டகைக்குப் போனார்.

அடுத்த நாள் மதியம். காற்றே இல்லாத புழுக்கம். தகரம் படபடவென்று வெடித்துக்கொண்டிருந்தது. கேஜைக் கீழ் சிலிண்டரில் மாட்டிவிட்டு, கை கழுவத் திரும்பினார். தண்ணீர்த் தொட்டியில் கையை வைத்தபோது பின்னால் ஒரு சத்தம்.

டிக்.

கேஜின் முள்தான். திரும்பிப் பார்த்தார். சைபரில் இருந்தது. வெயில் சூட்டில் ஏதாவது விரிந்திருக்கும் என்று நினைத்தார்.

டிக்.

இந்த முறை பார்த்துக்கொண்டே இருந்தார். முள் மெல்ல எழுந்தது. கொஞ்சம் நின்றது. படுத்தது. கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. அது சுழற்றும் மேல் சக்கரம் அசையவில்லை. யாரும் எதையும் இழுக்கவில்லை.

கேஜ் கெட்டுவிட்டது என்று முடிவு செய்தார். கழற்றி மேஜையில் வைத்தார். அது பாட்டுக்குச் சும்மா கிடந்தது.

கேஜ் இல்லாத நாளில் பழைய மெக்கானிக்குகள் ஓட்டையைக் கட்டைவிரலால் அடைத்துப் பார்ப்பார்கள். அவரும் விரலை வைத்தார். கயிற்றைத் தொடவே இல்லை.

விரல் உள்ளே இழுபட்டது.

மெதுவாக. உறிஞ்சுகிற மாதிரி. பிறகு விட்டது. விரல் நுனியில் சூடாக, ஈரமாக ஏதோ பட்டது. மறுபடியும் இழுத்தது...

வாசலில் மனைவியின் வளையல் சத்தம் கேட்டபோதுதான் கையை எடுத்தார்.

"இங்க வா. விரலை இதுல வை."

"எதுக்கு?"

"வையேன்."

அவள் வைத்தாள். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பயப்படுவாள் என்று நினைத்தார். அவள் பயப்படவில்லை. கையை எடுக்கவும் இல்லை. கண் மட்டும் நிறைந்தது.

"என்னங்க... இது மூச்சுங்க. யாரோ மூச்சு முட்டித் தவிக்கிறாங்க."

அவர் பிளக்கை எடுத்தார்.

"அடைக்காதீங்க!" என்று அவர் கையைப் பிடித்தாள்.

அவர் கேட்கவில்லை. அவசர அவசரமாகத் திருகி இறுக்கினார். இறுக்கி முடித்ததும் உள்ளிருந்து ஒரு தட்டல். சின்னதாக. அப்புறம் இன்னொன்று... அப்புறம் ஒன்றுமில்லை.

அன்று சாயங்காலம் தம்பி வந்தான். மோட்டார் தயார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே வந்தவனிடம், இது வேண்டாம் என்றார். வேறு மோட்டார் பார்த்துத் தருகிறேன் என்றார்.

"ஏன், ஓடலையா?"

"ஓடும். கம்ப்ரஷன் சரியில்ல."

"ஓடுதுல்ல மாமா? எனக்கு அது போதும். ஊரே கேக்குது, படகை வாங்கிக் கரையில காயப்போட்டிருக்கியான்னு."

அக்காவும் சொல்லிப் பார்த்தாள். அவள் சொன்ன காரணத்தைக் கேட்டு அவன் விழுந்து விழுந்து சிரித்தான். மோட்டார் மூச்சு விடுதாம்! கடைசியில் பேச்சு தடித்தது. "நான் நாலு காசு பார்க்கறது உங்களுக்குப் பொறுக்கல" என்று ஒரு வார்த்தையை விட்டுவிட்டுப் போனான். அவள் இரவு சாப்பிடவில்லை.

மறுநாள் காலை மெக்கானிக் சந்தைப் பக்கம் போய்த் திரும்பினார். கொட்டகையில் மோட்டார் இல்லை. சேற்றில் இழுத்துப்போன தடம் மட்டும் தண்ணீர் வரைக்கும் போயிருந்தது.

மனைவி கரையில் நின்றுகொண்டிருந்தாள். "இப்பத்தான் போனான். சத்தம் கேட்டு ஓடி வந்தேன். கூப்பிட்டேன், திரும்பிப் பார்க்கல. அப்புறம் சத்தம் நின்னுடுச்சு. நின்னு கொஞ்ச நேரமாச்சு."

தூரத்தில் படகு பொட்டாகத் தெரிந்தது. ஏரி கண்ணாடி மாதிரி கிடந்தது. அலை இல்லை. பொட்டு நகரவில்லை.

பக்கத்தில் படகு வைத்திருந்தவருக்கு நீர்க்காகம் என்று பட்டப்பெயர். ஏரியில் எது விழுந்தாலும், யார் விழுந்தாலும் முங்கி எடுப்பவர். யாரோடும் ஒட்டாத சிடுமூஞ்சி. ஆனால் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. படகைத் தள்ளினார். அவரும் மெக்கானிக்கும் ஏறித் துடுப்புப் போட்டார்கள்.

கிட்டப் போகப் போகத் தெரிந்தது.

மோட்டாரின் மூடி கழன்று கிடந்தது.

அவன் முட்டி போட்டுக் குனிந்திருந்தான். தொழுகிறவன் மாதிரி. மோட்டாரைக் கட்டிப் பிடித்தபடி.

"டேய் மாப்ள!"

அசையவில்லை.

முதுகு மட்டும் ஏறி இறங்கியது. வேகமாக. மிக வேகமாக...

மெக்கானிக் அவன் படகுக்குத் தாவிப் பக்கத்தில் போனார்.

கீழ் சிலிண்டரின் பிளக் இல்லை.

அந்த ஓட்டையில் அவன் வாய் இருந்தது.

கண் திறந்திருந்தது. முகம் நீலம். உதட்டைச் சுற்றிக் கறுப்பு எண்ணெய். கொதிக்கிற இரும்பு. அவன் உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

சுற்றிலும் உலகத்துக் காற்றெல்லாம் இருந்தது. அவன் அதைத் தேடவில்லை.

"பிடிங்க! இவனைப் பிடிங்க!" என்று கத்தினார்.

நீர்க்காகம் வரவில்லை. துடுப்பைப் போட்டுவிட்டு, தன் படகிலேயே நின்றார். எத்தனையோ உடல்களைத் தண்ணீரிலிருந்து தூக்கியவர் அவர்.

மெக்கானிக் தனியாகத்தான் இழுத்தார். உதடு இரும்பை விட்டுப் பிரிந்தபோது தோல் கிழிந்தது. அவன் திமிறினான். திரும்பத் திரும்ப அந்த ஓட்டையை நோக்கியே போனான்.

"காத்து... அதுலதான் இருக்கு... விடு..."

அது அவன் குரலாக இல்லை என்று மெக்கானிக் இன்றைக்கும் சொல்கிறார்.

ஒரே வழிதான் தோன்றியது. ஓங்கி அறைந்தார். அவன் மல்லாந்து விழுந்து, இழுத்து ஒரு மூச்சு விட்டான். பிறந்த குழந்தை மாதிரி அழுதான்.

பிழைத்துக்கொண்டான். பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான். நடு ஏரியில் மோட்டார் நின்றது, மூடியைக் கழற்றினான், அதுவரைதான் ஞாபகம். பிளக்கை எப்போது கழற்றினான் என்று தெரியாது. உதட்டுக் காயம் ஆறித் தழும்பாகிவிட்டது. அக்காவிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டான். அவள் அவன் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

இதற்கு அப்புறம்தான் நீர்க்காகம் கொட்டகைக்கு வந்தார். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடியே பேசினார்.

"பெயிண்ட் அடிச்சிருந்தீங்க. அதான் மொதல்ல எனக்கு அடையாளம் தெரியல."

"எதை?"

"ரொம்ப வருஷத்துக்கு முந்தி ஒருத்தன் நடு ஏரியில மோட்டார் நின்னுபோய், பிளக்கைப் பார்க்க மூடியைக் கழட்டியிருக்கான். அந்த நேரம் பாத்துக் காத்து அடிச்சு படகு கவுந்துடுச்சு. மோட்டார் கழண்டுக்கிச்சு. நங்கூரக் கயிறு அவன் கால்லயும் அதுலயும் சேர்த்துச் சுத்திக்கிச்சு. ரெண்டும் ஒண்ணாவே அடியில போச்சு. நான்தான் முங்கி ரெண்டையும் எடுத்தேன். மோட்டார் அப்புறம் பழைய இரும்புக்குப் போச்சு."

மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"அவன் கையில பிளக் ஸ்பேனர் இருந்துச்சு. அடிக்குப் போன பிறகும் விடல. அந்தச் சேத்துல, இருட்டுல, ஒரு பிளக்கைக் கழட்டியிருக்கான். சிலிண்டருக்குள்ள ஒரு வாய்க் காத்தாவது மிச்சம் இருக்கும்னு... உங்க மச்சினன் எப்படிக் குனிஞ்சிருந்தானோ, அச்சு அசல் அப்படித்தான் இருந்தான்."

"எந்தச் சிலிண்டர்?" என்று மெக்கானிக் கேட்டார். கேட்டிருக்க வேண்டாம்.

"கீழ் சிலிண்டர். மொதல்ல மேல இருந்ததைத்தான் கழட்டப் பாத்திருக்கான். அது துருப்பிடிச்சு இறுகிக் கிடந்துச்சு. அதைச் சுத்தி ஸ்பேனர் வழுக்கின கீறல்..." நீர்க்காகம் ஏரியைப் பார்த்தார். "எத்தனைன்னு நான் எண்ணல."