பினாயில் அக்கா வாங்கிய விடியல்

எங்கள் பஸ் டிப்போவில் அவளுக்குப் பெயர் பினாயில் அக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. பதினான்கு வருடமாக முதல் ஷிப்டில் பஸ்களைக் கூட்டிக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பதினான்கு வருடமும் அவள் மூக்கு சுருங்கியபடியேதான் இருந்தது. ஜன்னல் கம்பியில் காய்ந்த வாந்தி, சீட்டு இடுக்கில் யாரோ சப்பிச் செருகிய எலும்பு, பின் வரிசையில் வெட்டிப் போட்ட கால் நகம். எதைப் பார்த்தாலும் "சீ!" என்பாள். எங்களுக்கெல்லாம் மரத்துப்போன விஷயம் அவளுக்கு மட்டும் தினமும் புதிதாக நாறியது.

இதை நான் பாராட்டாகச் சொல்லவில்லை. அவளோடு பழகுவது பெரிய இம்சை. நானும் அதே டிப்போதான், இரண்டாம் ஷிப்ட். குடியிருப்பதும் அடுத்தடுத்த அறை, நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். என் வீட்டில் டீ கொடுத்தால் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பாள். அவள் வீட்டில் ஒரு கரப்பான் தென்பட்டால் போதும், என் கதவைத் தட்டுவாள். "உன் வீட்லேர்ந்துதாம்மா வருது. ராத்திரி பாத்திரத்தக் கழுவாம போட்டு வெக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது?" என்பாள். நான் பாத்திரம் போட்டு வைக்கிறவள்தான். அதனால் வாயை மூடிக்கொள்வேன். வயிறு மட்டும் எரியும்.

டிப்போவின் கழுவு தொட்டி அவளுக்கு ஆகவே ஆகாது. எல்லோர் துணியும் ஒரே தண்ணீரில் முங்கி எழுவதைப் பார்த்தாலே குமட்டும். அதனால் துடைக்கிற துணிகளைச் சொந்தமாக வைத்திருந்தாள். வேலை முடிந்ததும் குழாயடியில் சோப்புப் போட்டுக் கசக்கிப் பிழிவாள். வெளியூர் போய்விட்டு வந்து நிற்கும் பஸ்ஸின் என்ஜின் மூடி சூடாக இருக்கும். அதன்மேல் பரப்பிக் கொஞ்ச நேரம் காயவைப்பாள். பிறகு மடித்துத் துணிப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டுவாள். துடைப்புத் துணிக்கு இத்தனை சீராட்டா என்று டிப்போவில் கேலி பேசாத ஆள் கிடையாது.

தொல்லை அந்தக் குளிர் மாதத்தில்தான் ஆரம்பித்தது. ஆறரை மணி வரை பொழுது விடியாது. அவளோ நாலரைக்கு டிப்போவில் நிற்க வேண்டும். செல்போனில் அலாரம் வைப்பாள். அது அடித்த மறு நொடி அவள் புருஷன் கை நீண்டு வந்து அதை அணைத்துவிடும். காலண்டர் அச்சடிக்கிற மாதம் என்பதால் அச்சகத்தில் நள்ளிரவு வரை நின்றுவிட்டு வந்து படுக்கிற மனிதர். கண்ணைத் திறக்காமலே அணைப்பார், காலையில் கேட்டால் சத்தியம் பண்ணுவார். "நான் எங்க அணைச்சேன்? உன் போன்தான் ஓட்டை போன்." இப்படி ஒரே மாதத்தில் இரண்டு நாள் தாமதமாகிவிட்டது.

துடைத்தவர் கையெழுத்துப் போட்ட 'சுத்தம்' அட்டை முன் கண்ணாடியில் தொங்கினால்தான் டிரைவர் வண்டியை எடுப்பார். அவள் தாமதித்தால் முதல் வண்டியே தாமதம். டைம்கீப்பர் இரண்டு தடவையும் வருகைப் பதிவில் அவள் பெயரைச் சிவப்பு மையால் சுழித்தார். மூன்றாவது சிவப்பு விழுந்தால் டிப்போவை ஒட்டிய பஸ் நிலையக் கழிப்பறைக்கு மாற்றல். அது யாரும் எழுதி வைக்காத சட்டம், ஆனால் ஒருத்தராலும் அதிலிருந்து தப்பிக்க முடிந்ததில்லை.

பினாயில் அக்கா இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அந்தக் கழிப்பறைக்குள் கால் வைத்ததில்லை. போக வேண்டி வந்துவிடுமோ என்று ஷிப்ட் முடியும் வரை தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். "அங்க போட்டாங்கன்னா நான் செத்துடுவேன்" என்று என்னிடம் சொன்னாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

கடைத்தெருவில் மின்சாமான் விற்பவர்தான் அந்தக் கடிகாரத்தை அவள் தலையில் கட்டினார். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் வட்டம். எழுந்திருக்க வேண்டிய நேரத்துக்கு அரை மணி முன்னால் மங்கலான சிவப்பில் எரியத் தொடங்குமாம். கொஞ்சம் கொஞ்சமாக ஆரஞ்சாகி, மஞ்சளாகி, நல்ல வெள்ளை வெளிச்சம் வந்ததும் பறவை கத்துமாம். உடம்பு தானாக முழித்துக்கொள்ளுமாம். நல்ல கம்பெனிக் கடிகாரங்கள் கண்ணாடி அலமாரியில் பத்திரமாக இருந்தன. இது வெளியே கூடையில், மூலை நசுங்கிய பெட்டியில் கிடந்தது. "இதுலயும் அதே விடியல்தாம்மா வருது, டப்பாதான் வேற" என்றாராம் கடைக்காரர்.

வாங்கி வந்ததும் பினாயில் தொட்டு இரண்டு தரம் துடைத்தாள். புருஷன் கைக்கு எட்டாத பக்கமாக, தன் தலைமாட்டில் டிரங்குப் பெட்டிமேல் வைத்தாள். நாலு மணிக்கு எழ வேண்டும் என்றால் மூன்றரைக்கு வெளிச்சம்.

முதல் நாள் அந்த விடியல் அவள் மூஞ்சிக்கு எட்டவே இல்லை. அவள் தலை முதல் கால் வரை போர்த்திக்கொண்டு தூங்குகிறவள். வெளியே எத்தனை கலர் வந்தால் என்ன, போர்வைக்குள் கும்மிருட்டுதான். கடைசியில் அந்தப் பறவை கத்தியது. கதவிடுக்கில் வால் மாட்டிக்கொண்ட பூனை மாதிரி சுவர் தாண்டி எனக்கே கேட்டது. போர்வைக்குள் அவளுக்கு உறைக்க நாலேகால் ஆகிவிட்டது. அடித்துப் பிடித்து எழுந்து, குளிக்காமல் ஓடி, தெருமுனையில் கிளம்பிக்கொண்டிருந்த டிப்போ வேனில் தொற்றிக்கொண்டாள்.

சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து கடைக்காரரைத் திட்டித் தீர்த்தாள்.

"மூஞ்சியத் திறந்துட்டுப் படுக்கா. வெளிச்சம் கண்ணுல பட்டாத்தானே முழிப்பு வரும்" என்றேன்.

"திறந்துட்டா? எங்க வீட்டு ஆளு வாயப் பொளந்துட்டுத் தூங்கறாரு. அந்தக் காத்தெல்லாம் நான் குடிக்கணுமா?"

"அப்ப போய்க் கக்கூஸ் கழுவு."

சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் டம்ளரைத் தூக்கிப் பார்க்கிறவளிடம் அன்றைக்கு எனக்குப் பொறுமை இல்லை. அவள் எழுந்து போனாள்.

மறுநாள் இருட்டோடு என் சுவர் தட்டப்பட்டது. மணி மூன்றே முக்கால்கூட ஆகவில்லை. போய்த் தள்ளினேன், ராத்திரி புருஷன் தாழ் போட மறந்த கதவு திறந்துகொண்டது. அக்கா கட்டில்மேல் புடவையை முழங்காலுக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அறை முழுக்க அந்த மங்கல் சிவப்பு. "லைட்டப் போட்டுடாதே. அப்படியே நில்லு. தரையப் பாரு" என்றாள் சன்னமாக.

பார்த்தேன். முதலில் தரைதான் நெளிகிறது என்று நினைத்தேன்.

சுவிட்சைத் தட்டினால் கரப்பான் ஓடிவிடும். ஒன்றிரண்டு பின்னங்கால்தான் நம் கண்ணில் படும், ஏதோ ஒன்றிரண்டு இருக்கிறது என்று நாமும் மனதைத் தேற்றிக்கொள்வோம். இந்த மலிவு வெளிச்சம் அவற்றுக்கு உறைக்கவே இல்லை. இருட்டிலே என்ன செய்துகொண்டிருந்தனவோ அதை அப்படியே செய்துகொண்டிருந்தன. கவிழ்த்து வைத்த டம்ளரின் விளிம்பை ஒன்று நக்கிக்கொண்டிருந்தது. பல் துலக்கும் பிரஷ்ஷின் நாரில் இரண்டு. மல்லாந்து கிடந்த புருஷனின் மீசை ஓரத்தில் ஒன்று உட்கார்ந்து அவர் மீசையைவிட நீளமான தன் மீசையை ஆட்டியது. அவர் மூச்சு விட்டபோது அது லேசாக விலகி, மறுபடி கிட்ட வந்தது. இத்தனை வருடம் இவள் போர்வைக்கு அந்தப் பக்கம் இதுதான் நடந்திருக்கிறது.

உள்ளுக்குள் ஒரு அற்பச் சந்தோஷமும் வந்தது, மறைப்பானேன். என் பாத்திரத்தைப் பற்றிப் பேசின வாயல்லவா. "எங்க வீட்டுப் பக்கச் சுவர்ல ஒண்ணுகூட இல்ல பாத்தியாக்கா" என்றேன்.

"தெரியுது. கதவப் பாரு" என்றாள்.

கதவுக்குப் பின்னால் ஆணியில் அவள் துணிப்பை. பையின் வாயிலிருந்து சுவர் வழியாகத் தரைக்கு வருவதும், தரையிலிருந்து பைக்குப் போவதுமாக இருந்தன. பஸ் என்ஜின் மூடிக்கு அடியில் கரப்பான் குடும்பம் குடும்பமாக இருப்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். கதகதப்பு, கீழே சிந்தின தின்பண்டம், அவற்றுக்கு வேறென்ன வேண்டும். அந்த மூடிமேல்தான் இவள் ஈரத்துணியைப் பரப்பியிருக்கிறாள். பரப்பி, மடித்து, பத்திரமாக வீட்டுக்குத் தூக்கி வந்திருக்கிறாள். தொட்டித் தண்ணீர் அசிங்கம் என்று பார்த்துப் பார்த்து!

துடைப்பக் கட்டையால் பையை எடுத்துத் தகர வாளிக்குள் போட்டாள். அடுப்பில் பெரிய பாத்திரத்தில் வெந்நீர் வைத்தாள். வெளிச்சம் மஞ்சளாகி வெள்ளையானது, பறவை கத்தியது, யாரும் அணைக்கவில்லை. கொதிக்கக் கொதிக்க ஊற்றினாள். துணி மடிப்புகளுக்குள்ளிருந்து பழுப்புப் பழுப்பாக மேலே மிதந்து வந்தன. பெரிசு, குஞ்சு, முட்டைக்கூடு எல்லாம். அந்த ஆவி முகத்தில் அடித்ததும் நான் வாசலுக்கு ஓடிப்போய்க் குனிந்துகொண்டேன்.

தெருமுனையில் வேன் ஹாரன் அடித்தது.

"அக்கா, போயிடு. நான் பாத்துக்கறேன். மூணாவது செகப்பு விழுந்துடும்."

"இந்த உடம்போட எங்க போறது? எத்தனை தடவை அந்தத் துணியால சீட்டத் துடைச்சிருக்கேன்? அதுல புள்ளைங்கெல்லாம் கைய வெக்குதே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். வேன் போய்விட்டது. அவள் இரண்டு தரம் தலைக்கு ஊற்றிக் குளித்தாள், தோல் சிவக்கத் தேய்த்தாள். புருஷன் அதற்குள் எழுந்து உட்கார்ந்து, "என்ன காலங்காத்தால சத்தம்?" என்று மீசையைத் தடவினார்.

அவளைத் தனியாக விட மனசில்லாமல் நானும் கூடவே நடந்தேன். டிப்போவுக்குள் நுழைந்தபோது ஐந்தரை. முதல் வண்டி இன்னும் நின்றுகொண்டிருந்தது, உள்ளே ஜனம் கத்திக்கொண்டிருந்தது.

டைம்கீப்பர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காரணம் கேட்டார். அவள் ஒன்று விடாமல் சொன்னாள். அவர் எழுந்து அறைக் கதவைச் சாத்தினார்.

"கரப்பான்னு இதுல எழுதினா முப்பது வண்டியையும் நிறுத்தி மருந்தடிக்கணும். ஏன் இவ்வளவு நாள் பாக்கலைன்னு என் தலைதான் உருளும்" என்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இப்ப ஒண்ணும் கெட்டுப் போகல. தூங்கிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. செகப்பு போடாம விட்டுடறேன். அதோட மறந்துடுவோம்."

நான் அவள் கையைக் கிள்ளினேன். சரியென்று சொல்லித் தொலையேன் என்று என் மனசு அடித்துக்கொண்டது.

"நான் எழுந்தது மூணரைக்கு சார்" என்றாள். "வாழ்க்கையில முதல் தடவையா நல்லா முழிச்சுப் பாத்திருக்கேன். தூங்கிட்டேன்னு எப்படிச் சொல்றது?"

"அப்ப கக்கூஸ்தான்."

அவள் முகம் வெளுத்தது. மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "அது கக்கூஸ்னு சொல்லிட்டுத்தானே சார் நாறுது. உங்க பஸ் 'சுத்தம்'னு அட்டை மாட்டிட்டு நாறுது" என்றாள். பேனாவை அவர் கையிலிருந்தே வாங்கி, காரணக் கட்டத்தில் 'வண்டிகளில் கரப்பான்' என்று தன் கோணல் எழுத்தில் எழுதினாள். அவர் சிவப்பு மையைத் தேடி எடுத்தார்.

திங்கட்கிழமை அவள் கழிப்பறைக்குப் போனாள். முதல் ஷிப்ட் எனக்கு வந்தது. மத்தியானமே வீட்டுக்கு வந்துவிடலாம் என்று நான் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த ஷிப்ட். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முதல் நாள் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது பார்த்தேன். அவள் எழுதிய இடத்தில் சின்னதாக ஒரு வெள்ளைத் தாள் ஒட்டி, 'தூங்கிவிட்டார்' என்று எழுதியிருந்தது. டைம்கீப்பர் என்னைப் பார்த்தார். நான் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

ஒரு வாரம் கழித்துத்தான் அவளைப் பார்க்கப் போக எனக்குத் தைரியம் வந்தது. ரப்பர் பூட்ஸும் வாயில் கட்டிய துணியுமாகக் கழிப்பறை வாசலில் வாளியோடு நின்றாள். ஆள் பாதியாக இளைத்திருந்தாள். முதல் மூன்று நாள் சோறு இறங்கவில்லையாம். உள்ளேயிருந்து வந்த நாற்றத்தில் நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அவள் வாயில் கட்டிய துணியை இறக்கிவிட்டுக் கேட்டாள்.

"மருந்தடிச்சாங்களா?"

அவள் அத்தனை ஆசையாக என் வாயையே பார்த்தாள்.

"அடிச்சாங்கக்கா. முப்பது வண்டிக்கும் அடிச்சாங்க. ஒண்ணுகூட இல்ல இப்ப."

"அப்பாடா" என்றாள். முகம் அப்படியே தெளிந்தது. "அப்ப சரி. இனிமே இது எனக்குப் பெரிசில்ல." வாளியைத் தூக்கிக்கொண்டு, வேண்டா வெறுப்பு இல்லாமல், உள்ளே போனாள்.

என்னை நினைத்தால் எனக்கே குமட்டியது. டிரைவர் ஹாரன் அடித்தார். போய், கரப்பான் ஓடிக்கொண்டிருந்த வண்டியைத் துடைத்தேன்.