ரோஸ் போன முகம்

என் தங்கச்சியை நான் ஒரே ஒரு முறைதான் வரைந்தேன். அதுவும் பழகிப் பார்ப்பதற்காக.

துறைமுகத்துக் களஞ்சிய அலுவலகத்தில் முப்பது வருடம் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் நான் தூரிகையைத் தொட்டேன். எனக்குக் கலியாணம் ஆகவில்லை. தங்கச்சியின் கணவர் அவர்களுடைய மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே இறந்துவிட்டார். தங்கச்சி பிள்ளையையும் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தாள். அந்தப் பிள்ளை வளர்ந்து கனடாவுக்குப் போய்விட்டாள். உட்துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்த வீட்டில் பிறகு நாங்கள் இரண்டு பேர்தான். தங்கச்சி காலையில் பாலர் பாடசாலையில் படிப்பிக்கப் போய்வருவாள். நான் யன்னலோரம் மேசையைப் போட்டுக் கப்பல்களை வரைவேன்.

சொல்லித் தர ஆளில்லை. போனில் வீடியோ பார்த்துப் படித்தேன். தண்ணீர் வர்ணத்தில் வெள்ளை என்று ஒன்று கிடையாது, தாள்தான் வெள்ளை, அதை விட்டுவைக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளவே எனக்கு ஆறு மாதம் போயிற்று. அதற்குள் எத்தனையோ அலை நுரைகளைப் பூசி மூடியிருந்தேன். கடைகளில் போஸ்டர் கலர் என்று விற்கிற கனத்த வர்ணம் வேறு விதம். அதில் வெள்ளை உண்டு. பிழையின் மேல் பூசலாம். ஆனால் கீழே இருக்கிற நிறம் ஈரம் பட்டால் எழும்பி வந்து மேலே பூசியதோடு கலந்துவிடும். ஒரே இழுப்பில் பூசிவிட்டுக் கையை எடுக்க வேண்டும். எனக்குக் கையை எடுக்கத் தெரியாது. இன்னும் ஒருதரம், இன்னும் ஒருதரம் என்று தடவிச் சேறாக்கிவிடுவேன். தங்கச்சி தேத்தண்ணீரோடு வந்து எட்டிப் பார்த்து, “கப்பல் தண்ணிக்குள்ள தாண்டிட்டுதோ அக்கா?” என்பாள்.

அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகிவிட்டன என்று தெரியவந்த வருடம், கனடாவில் இருந்த மகள் ஊருக்கு வந்த ஒருவரிடம் ஒரு பார்சல் கொடுத்துவிட்டாள். மூன்று ரியூப் நல்ல தண்ணீர் வர்ணம், பருத்தியில் செய்த தடித்த தாள் இரண்டு. சிவப்பு ரியூபின் பக்கத்தில், வெயிலில் நிறம் போகாது என்பதற்கு அடையாளமாக மூன்று நட்சத்திரம் போட்டிருந்தது.

“பெரியம்மா, கப்பல் கப்பலாக் கீறாமல் அம்மாவை ஒருக்காக் கீறுங்கோ. எனக்கு இங்கயிருந்து வர ஏலாது. வதிவிடப் பேப்பர் இன்னும் சரிவரேல்லை” என்று போனில் சொன்னாள்.

“ஓம், கீறுறன்” என்றேன்.

நாட்டில் டொலர் இல்லாமல் வெளிநாட்டுச் சாமான் ஒன்றும் வராத காலம் அது. மருந்துக்கே அலைந்தோம், வர்ணத்தைப் பற்றி யார் கேட்பது? கொழும்புக் கடையில் விசாரித்ததற்கு, இனி எப்போது வரும் என்று தங்களுக்கே தெரியாது என்றார்கள். எனவே அந்த ரியூப்களையும் தாளையும் பழைய சேலை ஒன்றில் சுற்றி அலுமாரியில் வைத்தேன். பொழுதுபோக்காக வரைகிற எல்லோருக்கும் இந்த நோய் இருக்கும் என்று நினைக்கிறேன். நல்ல தாளைத் தொடப் பயம். இன்னும் கொஞ்சம் கை வரட்டும், பிறகு எடுப்போம் என்று வைத்திருப்போம்.

நான் பாவித்தது ஊர்ப் புத்தகக் கடையில் வாங்கிய வர்ணப் பெட்டி. அதில் ஒரு ரோஸ் இருந்தது. அவ்வளவு அழகான நிறத்தை நான் வேறெதிலும் பார்த்ததில்லை. ஆனால் அதைப் பற்றி எனக்குத் தெரியும். வீடியோவில் சொன்னபடி ஒவ்வொரு நிறத்தையும் ஒரு துண்டுத் தாளில் கோடாக இழுத்து, பாதியை மட்டையால் மூடி, யன்னல் கண்ணாடியில் ஒட்டிவைத்துப் பார்த்திருந்தேன். நாலு மாதத்தில் மூடாத பாதியில் ரோஸ் இருந்த இடமே தெரியவில்லை. பெட்டி மூடியின் உட்பக்கம் பேனையால் ‘ரோஸ் நிற்காது’ என்று எழுதியும் வைத்தேன்.

கிழமைக்கு இரண்டு தரம் ஆஸ்பத்திரியில் அவளை இரத்தம் சுத்தம் பண்ணுகிற மெசினில் போடுவார்கள். நாலு மணித்தியாலம். பக்கத்துக் கட்டிலில் தம்பலகாமத்து வயற்காரர் ஒருவர். யானை எந்தப் பக்கத்தால் வந்து எந்த வேலியை முறித்தது என்ற கதையோடுதான் ஒவ்வொரு முறையும் வருவார். தங்கச்சி கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டுச் சிரிப்பாள். முகம் ஊதிப்போயிருந்ததால் அந்த நாட்களில் அவள் யாரையும் படம் எடுக்க விடவில்லை. மகளோடு போனில் பேசும்போதும் கமராவை மேலே முகட்டுக்குத் திருப்பிவிடுவாள்.

மெசினில் போட்டதற்கு மறுநாள் மட்டும் முகம் கொஞ்சம் வற்றியிருக்கும். அப்படி ஒரு காலையில் குளித்து, ரோஸ் சேலை உடுத்து, நான் வரைகிற மேசைக்கு முன்னால் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

“அக்கா, இண்டைக்கு என்னைக் கீறுங்கோ. கண்ணாடியில பாத்தனான், முகம் வத்திக் கிடக்கு.”

நான் என் பழைய கட்டுத் தாளில் ஒன்றை எடுத்தேன்.

“பிள்ளை அனுப்பின பேப்பர் எங்க?” என்றாள்.

“அது கிடக்கட்டும். முதல் இதில பழகிப் பாப்பம். நீ இன்னும் கொஞ்சம் தேறி வா, நல்லதில வடிவாக் கீறுறன்.”

“நான் தேறி வாறதோ?” என்று சிரித்தாள். பிறகு, “சரி, உங்கட விருப்பம்” என்றாள்.

முகம் வரைந்து எனக்குப் பழக்கமில்லை. தாளை முழுக்க நனைத்து, மெல்லிய மஞ்சளைப் பரவவிட்டேன். அது காயுமுன்னே கன்னத்தில் ரோஸைத் தொட்டுவைத்தேன். ஈரத்தில் அது தானாக விரிந்து, காதுப்பக்கம் போய், நான் நினைத்தே பார்க்காத ஓர் இடத்தில் நின்றது. உதட்டுக்கும் சேலைக்கும் அதே ரோஸ். கண்ணுக்குக் கீழும் கழுத்திலும் நிழலுக்கு நீலம். நரைக்கும் சட்டைக் கரைக்கும் மட்டும் வெள்ளைப் போஸ்டர் கலர். வழக்கமாக இந்த இடத்தில் திரும்பத் தடவிக் கெடுப்பவள் நான். அன்றைக்கு அவள் பேசிக்கொண்டே இருந்தாள். பாலர் பாடசாலையில் ஒரு பிள்ளை, “ரீச்சர், உங்கட கழுத்தில ஏன் வயர் போட்டிருக்கு?” என்று கேட்ட கதை. நான் சிரித்ததில் கை நின்றுவிட்டது. பார்த்தால் படம் முடிந்திருந்தது.

அவள் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“இது காணும் அக்கா. இதையே மாட்டுவம்.”

“சும்மா பழகினது. நல்லது பிறகு கீறுறன் எண்டனே.”

“எனக்கு இது காணும்” என்றாள் மறுபடியும்.

அவளே ஓட்டோவில் போய்ச் சட்டம் போட்டுக்கொண்டு வந்தாள். யன்னலுக்கு நேரெதிர்ச் சுவரில் மாட்டச் சொன்னாள். அந்தச் சுவரில் பின்னேரம் முழுக்க வெயில் விழும், கடலில் பட்ட வெளிச்சமும் வந்து சேரும். நான் ஆணி அடித்தேன். அந்த ரோஸ் நிற்காது என்று சொல்லவில்லை. அவ்வளவு சந்தோசமாக நிற்பவளிடம் எப்படிச் சொல்வது என்று இருந்தது. அது போவதற்குள் நல்லதை வரைந்து மாற்றிவிடலாம் என்றும் நினைத்தேன்.

பிறகு அவள் தேறவில்லை. கழுத்தில் குழாய் போட்ட இடத்தில் கிருமி பிடித்து, காய்ச்சல் வந்து, ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து செத்துப்போனாள். அந்த ஒன்பது நாளில் ஒருநாள்கூட எனக்குப் படத்தின் நினைவு வரவில்லை. மகளால் செத்த வீட்டுக்கு வர முடியவில்லை. யாரோ போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு கோயிலிலும், சேமக்காலையில் குழி மூடும்போதும் அவளுக்குக் காட்டினார்கள்.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் அந்தப் படத்தின் முன்னால்தான் சாப்பிட்டேன். ஒவ்வொரு நாளும் பார்க்கிறதால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒரு வருடமும் சில மாதமும் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் போனில் கேட்டாள்.

“பெரியம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ. அம்மா ஏன் பச்சையா இருக்கிறா?”

“கமராவாலயா இருக்கும்” என்றேன்.

போனை வைத்துவிட்டுப் படத்தைக் கழற்றினேன். சட்டத்தைப் பிரித்தபோது, சுற்றி மட்டை மூடியிருந்த கீழ்க்கரையில் சேலையின் ரோஸ் வரைந்த அன்றிருந்தபடியே பளிச்சென்று இருந்தது. மட்டை முடிந்த இடத்தில் கோடு போட்டு வெட்டியது மாதிரி அது நின்றுவிட்டது. அதற்கு மேலே இருந்தது மஞ்சளும் நீலமும் மட்டும். கன்னம் வெளிறி, உதடு போய், கண்ணுக்குக் கீழே நீலம் பாரித்து, கழுத்துப் பச்சையாக. அந்த முகத்தை நான் முன்பே ஒருமுறை பார்த்திருக்கிறேன், ஆஸ்பத்திரிக் கட்டிலில் வெள்ளைத் துணியை விலக்கியபோது. அவள் தானே கொண்டுபோய்ச் சட்டம் போட்டு மாட்டச் சொன்ன படம் மெல்ல மெல்ல அந்த முகமாக மாறிக்கொண்டிருக்க, நான் அதன் முன்னால் இருந்து சோறு தின்றிருக்கிறேன்.

சில கிழமையில் மகளுக்குப் பேப்பர் சரிவந்தது. இரண்டாம் வருட நினைவுப் பூசைக்கு வருவதாகச் சொன்னாள். “அந்தப் படத்தை நான் இங்க கொண்டுவரப்போறன் பெரியம்மா, பொதி பண்ணி வையுங்கோ” என்றாள். நான் ஓம் என்றேன்.

அவள் வருவதற்குப் பத்து நாள் இருக்க, அலுமாரியைத் திறந்து சிவப்பு ரியூபை எடுத்தேன். அது அப்படியே மெத்தென்று இருந்தது. மூடியைத் திருகியதும் ஒரு துளி வெளியே வந்தது. அதை நன்றாகக் கரைத்துக் கன்னத்தில் மெல்லத் தொட்டேன். ஆனால் இரண்டு வருடத்துக் கடற்காற்றில் தாள் பசை விட்டுப்போயிருந்தது. நிறம் மேலே நிற்காமல் ஒற்றுத்தாளில் ஊறுவது போல் உள்ளே இறங்கிற்று. பரவவே இல்லை. பொட்டுப் பொட்டாகப் பிடித்து, அம்மை போட்ட முகம் மாதிரி ஆயிற்று.

அதை மூடுவதற்கு வெள்ளையும் சிவப்பும் மஞ்சளும் கலந்து போஸ்டர் கலரைக் கனமாகப் பூசினேன். ஈரத்தில் சரியாக இருந்தது. காய்ந்தபோது கறுத்துவிட்டது. மறுபடி பூச, கீழே இருந்த நீலம் எழும்பி வந்து கலந்தது. கையை எடு என்று எனக்கு நானே சொன்னது ஞாபகம் இருக்கிறது. நான் எடுக்கவில்லை. பிறகு எல்லாவற்றையும் ஈரத் தூரிகையால் தேய்த்து எடுக்கப் பார்த்தேன். வாயோரம் தாளின் தோல் உரிந்து பஞ்சுபோல் திரண்டு வந்தது. அதோடு நிறுத்தினேன். அதற்கு மேல் கெடுக்க அதில் முகம் என்று ஒன்று இருக்கவில்லை.

மறுநாள் பருத்தித் தாளை எடுத்தேன். பார்வைக்குச் சுத்தமாகத்தான் இருந்தது. தண்ணீர் பட்டதும் மச்சம் மச்சமாகப் பூஞ்சணம் தெரிந்தது. மற்றதும் அப்படியே. இருந்தாலும் வரைந்தேன். நாலு நாள், இரண்டு தாளின் நாலு பக்கத்திலும். பழைய போட்டோக்களை முன்னால் வைத்து வரைந்தும் வந்தவள் யாரோ ஒரு பெண். அந்தக் காலை வற்றியிருந்த முகம் எந்தப் படத்திலும் இல்லை. எனக்கும் அது சரியாக வரவில்லை. இரண்டு வருடத்தில் நான் படத்தைத்தான் ஞாபகம் வைத்திருந்தேன், அவளை அல்ல.

மகள் விமான நிலையத்திலிருந்து நேரே வாடகை வான் பிடித்து வந்து இறங்கினாள். உடுப்பும் மாற்றவில்லை. சுவரைப் பார்த்தாள். ஆணி மட்டும் இருந்தது.

“படம் எங்க பெரியம்மா?”

“பிள்ளை, முதல் தேத்தண்ணி குடி.”

“எங்க?”

எடுத்துக்கொண்டுவந்து கொடுத்தேன். மேசையில் வைத்துக் குனிந்து பார்த்தாள். வெளியே, ஊருக்குள் திரிகிற மான்களில் இரண்டு வேலிக்குள் தலையை நீட்டி எங்கள் குப்பைப் பையை இழுத்துக்கொண்டிருந்தன. அவற்றைக் கலைக்கவாவது போகலாமா என்று பார்த்தேன். நான் செய்தது எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை அவள் நிமிரவில்லை.

“நான் அனுப்பின சிவப்பாலயோ கீறினனீங்கள்?”

“இல்லை. பெட்டியில இருந்த ரோஸால. அது நிக்காதெண்டு எனக்குத் தெரியும்.”

“அப்ப என்ரயை ஏன் எடுக்கேல்லை?”

“நல்ல படம் ஒண்டுக்கு எண்டு வச்சிருந்தனான்.”

“அம்மாவை விட நல்ல படம் ஒண்டு வருமெண்டோ?”

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்கிறவள் போலக் கேட்டாள். நான் மான்களைக் கலைக்க வெளியே போனேன்.

அவள் பத்து நாள் நின்றாள். என்னோடு நல்லமாதிரித்தான் இருந்தாள். பூசைக்கு வந்தவர்களுக்குக் குசினியில் நின்று சமைத்தாள். எனக்குக் கண் கண்ணாடி மாற்றித் தந்தாள். ஒரு பின்னேரம் மட்டும், அன்றைக்கு அம்மா என்ன கதைத்தா என்று கேட்டாள். பாலர் பாடசாலைப் பிள்ளையின் கதையைச் சொன்னேன். சிரித்தாள். பிறகு எழும்பிக் கிணற்றடிப் பக்கம் போய் வெகுநேரம் நின்றாள். போகும்போது அடையாள அட்டைக்கு எடுத்த அம்மாவின் பழைய படம் ஒன்றைக் கேட்டு வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். நான் வரைந்ததைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கொண்டுபோகவும் இல்லை. அது இன்னும் இங்கேதான் இருக்கிறது. எரிக்கவும் மனம் வரவில்லை, எடுத்துப் பார்க்கவும் மனம் வரவில்லை.

அதற்குப் பிறகு நான் தூரிகையை நனைக்கவில்லை. பிள்ளைக்கு அது தெரியாது. போய்ச் சேர்ந்து சில கிழமைக்குப் பிறகு போன் எடுத்து எல்லாம் விசாரித்துவிட்டு, “இப்ப என்ன கீறுறீங்கள் பெரியம்மா?” என்று கேட்டாள். என்னைத் தேற்றத்தான் கேட்டாள் என்று தெரிந்தது.

“கடலைத்தான்” என்றேன்.

“எனக்கும் அனுப்புங்கோவன், பாப்பம்.”

காய்ந்ததும் அனுப்புகிறேன் என்றேன். அது நடந்து மூன்று மாதம்.