கற்கரையில் கேட்ட சங்கொலி

என் சாளரத்தின் விளிம்பில் ஒரு கருங்கல் இருக்கிறது. வாத்து முட்டையின் வடிவம். அதனினும் சற்றுப் பெரிது. ஒரு பக்கத்தில் வெண்கோடு ஒன்று நூல் சுற்றியதைப் போல் ஓடுகிறது. சின்னம்மாவின் காரியத்தன்று இக்கல்லைப் பற்றி உறவினர் பலவாறு பேசினர். தீவில் அவருக்கு அருள் வந்தது என்றார் ஒருவர். கடலைக் கண்டு அஞ்சி மரத்தில் ஏறிக்கொண்டார் என்று சிரித்தார் மற்றொருவர். இருவருமே அன்று அங்கு இல்லை. மறுத்துப் பேசச் சின்னம்மாவும் இல்லை. ஆகவே நான் கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் மட்டுமே இங்கு எழுதுகிறேன். அத்தீவுக்குப் படகோட்டி ஒரு பெயர் சொன்னார். நிலப்படத்தில் அப்பெயர் எனக்குக் கிடைக்கவில்லை. அதையும் விடுகிறேன்.

சின்னம்மா என் தாயின் தங்கை. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்து ஓய்வு பெற்றவர். ரிங்லெட் என்னும் மலையூருக்குக் கீழே, அணையிலிருந்து இறங்கும் ஆற்றின் கரையில் குடியிருந்தார். பிள்ளைகள் இல்லை, சித்தப்பா இறந்தபின் வீட்டில் அவர் ஒருவரே. அணையைத் திறப்பதற்கு முன் அபாயச் சங்கு ஒலிக்கும். ஒலித்ததும் கரையில் உள்ளோர் அடுப்பில் கொதிப்பதை அப்படியே விட்டுவிட்டு மேட்டுச் சாலைக்கு ஏறுவர். அங்கே நின்று அவரவர் வீட்டாரைப் பெயர் சொல்லி அழைப்பர். மறுமொழி வராத பெயரை மீண்டும் அழைப்பர். ஒரு மழைக்காலத்தில் அவருடன் தங்கியிருந்தபோது இதைப் பார்த்தேன். சாலை முழுதும் பெயர்களாக ஒலித்தது. சின்னம்மா மட்டும் குடைக்குள் வாய் திறவாமல் நின்றார். நான் அருகிலேயே நின்றதால் அழைக்க அவருக்குப் பெயர் எதுவும் இல்லை. நான் இல்லாத நாள்களை எண்ணிப் பார்த்தேன். அவரை ஈப்போவில் என் வீட்டுக்கே அழைத்து வந்துவிட வேண்டும் என்று அப்போதுதான் முடிவு செய்தேன்.

அதைச் சொல்வதற்கு நல்ல வேளை ஒன்று வேண்டியிருந்தது. பள்ளி விடுமுறையில் என் மனைவி, மகளுடன் அவரையும் கிழக்குக் கடற்கரைக்கு அழைத்துச் சென்றேன். அங்கிருந்து படகேறினோம், அத்தீவுக்கு வேறு வழி கிடையாது. மலைக்குளிருக்குப் போடும் கம்பளிச் சட்டையைச் சின்னம்மா படகிலும் கழற்றவில்லை.

அத்தீவின் கரையில் ஒரு பிடி மணலும் இல்லை. கண்ணுக்கெட்டிய மட்டும் உருண்டை உருண்டையாகக் கருங்கற்கள். அலை பின்வாங்கும்போது அவை ஒன்றன்மேல் ஒன்று உருண்டு, பெருங்கூட்டம் கைதட்டுவதைப் போல் முழங்கின. பேசுவது காதில் விழ, அடுத்த அலை வரும்வரை காத்திருக்க வேண்டும். கற்களை எடுத்துச் செல்லாதீர்கள் என்று படகோட்டி மலாயில் எச்சரித்திருந்தார்.

"என்னா தம்பி, மணலக் காணோம்? கடல்னு சொல்லிட்டு ஆத்தங்கரைக்கே கூட்டியாந்துட்டியே லா!" என்றார் சின்னம்மா.

"ஆத்துல அலை வருமா, அத்தை?" என்று சிரித்தாள் என் மனைவி.

"அணையத் தொறந்தா வரும்."

அவர் மகிழ்ச்சியாக இருந்தார். அதுவே வேளை என்று எண்ணினேன்.

"ஈப்போவுக்கே வந்துடுங்க, சின்னம்மா. ரூம்பு சும்மாதான் கெடக்கு. அந்த ஆத்தங்கரையில யாரு இருக்கா உங்களுக்கு?"

அவர் குனிந்து கற்களைப் பொறுக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். "பாக்கலாம், பாக்கலாம்" என்றார்.

பிற்பகலில் படகின் சங்கு ஒலித்தது. தாழ்ந்து தொடங்கி, மெல்ல உயர்ந்து, நீண்டுகொண்டே போகும் ஒலி. எல்லாரும் நீரை நோக்கி நடந்தோம். சின்னம்மா நீருக்கு முதுகைக் காட்டி ஓடினார். கற்கள் காலடியில் சரிய, மர வேர்களைப் பற்றிக்கொண்டு கரைக்குப் பின்னிருந்த மேட்டில் ஏறினார். மேலே சென்று திரும்பியவர் நாங்கள் நிற்குமிடத்தைக் கண்டதும் கதறினார்.

"மேல வாங்கடா! தண்ணி வருது! பாப்பாவத் தூக்குடா!"

படகருகே நின்றோர் சிரித்தனர். சின்னம்மா அவர்களைப் பார்க்கவில்லை. எங்களையும் பார்க்கவில்லை. கைகளை வாயருகே குவித்து, ஆளில்லாத மறுகோடியை நோக்கி இன்னொரு முறை கூவினார். இறுதியை நீட்டிய விதத்தால் அது ஒரு பெயர் என்று தெரிந்தது. அந்நேரம் அலை பின்வாங்க, கற்கள் முழங்கின.

நான் ஏறிச் சென்றேன்.

"அது போட்டுச் சங்கு, சின்னம்மா. நம்மளக் கூப்புடுறாங்க."

அவர் படகை நெடுநேரம் பார்த்தார். "கூப்புடுறதுக்கா இப்படி ஊதுறான்?" என்றார்.

படகில் அமர்ந்த பிறகுதான் அவருடைய மூடிய கைக்குள் கல் இருப்பது தெரிந்தது. ஓடும்போதும் அதை விடவில்லை போலும். படகோட்டி கண்டும் காணாதவரைப் போல் திரும்பிக்கொண்டார். தீவு சிறிதான பின் சின்னம்மா மெல்லச் சொன்னார்:

"அங்க ஆத்தங்கரையில சத்தம் கேட்டா எந்தப் பக்கம் ஓடணும்னு எனக்குத் தெரியும், தம்பி. வெளிய எனக்கு ஒண்ணும் வெளங்காது. என்னய அங்கேயே விட்டுடு."

அதன்பின் நான் அவரை அழைக்கவில்லை. அவர் கடைசிவரை ஆற்றங்கரை வீட்டிலேயே இருந்தார். நோயுற்று மருத்துவமனையில் இறந்தார்.

காரியம் முடிந்த மறுநாள் வீட்டை ஒழுங்கு செய்துகொண்டிருந்தேன். சங்கு ஒலித்தது. மற்றவர்களோடு நானும் மேட்டுச் சாலைக்கு ஏறினேன். மூடுபனியில் முகங்கள் தெரியவில்லை. பெயர்கள் மட்டும் கேட்டன. அடுத்த வீட்டுப் பெண் தன் பிள்ளைகளை ஒவ்வொருவராக அழைத்து முடித்தாள். "அக்கா, வந்துட்டீங்களா?" என்று அதே மூச்சில் கேட்டாள். கேட்டபின் வாயைப் பொத்திக்கொண்டாள். அன்று குடைக்குள் சின்னம்மா யார் குரலுக்காகக் காத்து நின்றார் என்று எனக்கு அப்போது புரிந்தது. அச்சாலையில் என்னை அழைக்க ஒருவரும் இல்லை.

கல் இப்போது ஈப்போவில், அவருக்கென்று ஒதுக்கிய அறையின் சாளரத்தில் இருக்கிறது. அவ்வறையில் எவரும் தங்குவதில்லை. சித்தப்பாவின் பெயரைச் சின்னம்மா வாயால் சொல்லி நான் ஒருபோதும் கேட்டதில்லை. அத்தீவில் அவர் அழைத்தது அப்பெயரா, வேறொருவர் பெயரா என்பது எனக்குத் தெரியாது.