பேசாத திரை

காரைக்குடியின் கணினி மையமொன்றில் ஒரு பெண் பயிற்சியாளரை ஓர் ஐப்பசியில் சந்தித்தேன். ஒல்லியானவர், நின்றபடியேதான் தட்டச்சு செய்வார். மறுநாள் அச்சகத்துக்கு மழையளவு பற்றிய என் குறிப்பு போக வேண்டும். பைத்தான் நிரலில் இணையத்திலிருந்து தேதிவாரியாக மழையளவை இறக்கினால், ‘இறங்குகிறது’ என்ற செய்திகள் நடுவில் புகுந்து அட்டவணையைக் குலைத்தன.

“இதை நிறுத்த முடியுமாம்மா?”

இறக்கும் கட்டளையிலேயே ஒரு சொல்லைச் சேர்த்தார். பிழை வந்தால் மட்டும் இனி சொல்லும் என்றார்.

திரை அசையவில்லை. “ஓடுதா, நின்னுபோச்சா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

“வாயை அடைக்கச் சொன்னீக, இப்பப் பேசலைன்னு பதறுறீக!”

அட்டவணை சுத்தமாக வந்தது. பக்கத்தில் அவருடைய கணினித் திரையிலோ அதே மாதிரிச் செய்திகள் சரம்சரமாக ஓடின.

“உங்களுதை நிறுத்தலையா?”

“நிறுத்துனா நானும் உங்கள மாதிரித்தான் தவிப்பேன், சார்” என்றார், திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.