அடுத்தவர் ஆராய்ச்சியும் என் வயிற்றெரிச்சலும்

நூலகர் வேலை என்பது பந்தியில் பரிமாறுகிற வேலை. யார் இலையில் எத்தனை வடை விழுந்தது என்பது சாப்பிடுகிறவர்களைவிடப் பரிமாறுகிறவனுக்குத்தான் நன்றாகத் தெரியும். நான் பரிமாறுவது தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில், நாலா பக்கமும் வயல் சூழ்ந்த ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில். வேதியியல், மருத்துவம், பொறியியல் என்று எந்தத் துறைக்காரர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினாலும் என்னிடம் வந்தாக வேண்டும். வேண்டிய பழைய கட்டுரைகளைத் தேடிக் கொடுப்பது, எழுதியதில் ஏதாவது வேறு இடத்திலிருந்து சுட்டதா என்று மென்பொருளில் போட்டுப் பார்ப்பது, வெளியானதும் பல்கலைக்கழக இணையதளத்தில் ஏற்றுவது எல்லாம் எங்கள் நூலகத்தின் பொறுப்பு. ஆகவே யாருக்கு எது வெளியானாலும் முதலில் எனக்குத் தெரிந்துவிடும். முதலில் எரிவதும் என் வயிறுதான்.

எரியக் காரணம் உண்டு. நானும் நூலக அறிவியலில் பகுதிநேரமாக முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தேன். பதிவுக் காலம் முடிந்து, கெஞ்சிக் கூத்தாடி ஒரு நீட்டிப்பும் வாங்கி, அதுவும் ஜூனோடு தீர்கிறது என்ற நிலை. அதற்குள் ஒரே ஒரு கட்டுரையாவது நல்ல ஆய்விதழில் வந்தால்தான் ஆய்வேட்டை ஒப்படைக்க விடுவார்கள். இல்லையென்றால் பதிவு ரத்து, பட்ட பாடெல்லாம் தண்டம். இதே மாதிரி பகுதிநேரமாகப் பதிவு செய்துவிட்டு, கல்யாண வீடுகளில் "இன்னும் முடிக்கலையா?" என்று கேட்கிற சொந்தக்காரர்களுக்குப் பயந்து கை கழுவுகிற இடத்தில் ஒளிகிறவர்களுக்கு நான் மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

உமியும் வைக்கோலும்

வேதியியல் துறையில் கலைவாணி மேடம் என்று ஒருவர். உமிச் சாம்பலைப் பக்குவம் செய்து அதன் வழியாகச் சாயத் தண்ணீரை விட்டால் சாயம் சாம்பலில் ஒட்டிக்கொண்டு தண்ணீர் தெளிந்துவிடும் என்பது அவருடைய ஆராய்ச்சி. நம் ஊரில் உமிச் சாம்பலுக்கா பஞ்சம்? ரைஸ் மில்லின் பின்பக்கம் மலையாகக் கிடக்கிறது. அள்ளிக்கொண்டு போகிறேன் என்றால் மில்காரர் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பி வைப்பார். உமியில் ஒரு கட்டுரை வந்தது. அடுத்து வைக்கோலில் ஒன்று. பிறகு வாழை மட்டை, தேங்காய் மட்டை. ஒவ்வொன்றையும் நான்தான் மென்பொருளில் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் தண்ணீர் தெளிந்தது, நான் கலங்கினேன்.

எதை எரித்தாலும் அவருக்குக் கட்டுரையாகிறது, எனக்கு வயிறு மட்டும்தான் எரிகிறது என்று ஒருநாள் வீட்டில் புலம்பினேன். பள்ளிக்கூட ஆசிரியையான என் மனைவி புவனா, "அவங்க அடுப்புக்கிட்ட நிக்கிறாங்க, நீங்க ஜன்னல்கிட்ட நிக்கிறீங்க" என்று சொல்லிவிட்டுத் திருத்துகிற விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. மறுநாள் மேடம் நூலகத்துக்கு வந்தபோது, எரிக்க டெல்டாவில் இனிமேல் ஒன்றும் மிச்சமில்லை என்ற தைரியத்தில், அடுத்தது என்ன என்று கேட்டு வைத்தேன். அவர் சிரித்தபடி சொன்னார்: "பொங்கலுக்கு ஊருக்குப் போறேன் சார். ஊர் பூரா கரும்புச் சக்கையாக் கிடக்கும்."

டாக்டரின் படிவம்

என் ஆராய்ச்சிப் பொருள் இதுதான்: 'மாணவர்கள் ஏன் நூலகத்துக்கு வருவதில்லை'. இதற்காகக் கேள்விகள் அச்சடித்த படிவங்களை நூலகக் கவுன்டரில் வைத்துக்கொண்டு, புத்தகம் திருப்பித் தருகிற ஒவ்வொருவரிடமும் நீட்டினேன். ஒரு பையன் எல்லாக் கேள்விக்கும் 'ஆம்' என்று டிக் அடித்தான். ஒரு பெண் பின்பக்கத்தில் கோலம் போட்டுக் கொடுத்தது. நல்ல கோலம்தான், ஆனால் அதை எந்த அட்டவணையில் சேர்ப்பது?

இதே சமயம் மருத்துவத் துறை டாக்டர் ராமநாதன், நாற்று நடுகிறவர்களில் சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலில் புண் ஆறாமல் போவது பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். சேற்றில் நாளெல்லாம் நிற்கிற கால்கள். மனசு கஷ்டப்படுகிற விஷயம்தான், நானும் அவர் கேட்ட கட்டுரைகளை ஓடி ஓடித் தேடித் தந்தேன். ஆனால் அவர் கட்டிக்கொண்டு வந்த படிவங்களைப் பார்த்ததும் அந்த இரக்கமெல்லாம் போய்விட்டது. ஒரு கேள்விகூட விடாமல் நிரப்பப்பட்டிருந்தது. எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள், செருப்பு போடுவீர்களா, வீட்டுக்காரரோடு சண்டை உண்டா என்பது வரைக்கும் பதில். எப்படி சார் எல்லாவற்றுக்கும் வாயைத் திறக்கிறார்கள் என்று கேட்டேன். டாக்டர் சாவகாசமாகச் சொன்னார்: "என் கையில ஊசி இருக்கு சார். உங்க கையில என்ன இருக்கு?"

எலிக்கும் ஒரு கட்டுரை

பொறியியலில் அருண் என்று இளம் ஆசிரியர். திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு விவசாயியின் வயலில் தண்ணீர் மட்டத்தைக் காட்டும் கருவியைப் பதித்திருந்தார். தண்ணீர் குறைந்தால் விவசாயியின் போனுக்குச் செய்தி போகும். போகவில்லை. நாலு நாளில் எலி ஒயரைக் கடித்துவிட்டது. அருண் முகம் தொங்கிப்போய் நூலகத்துக்கு வந்தபோது, சொல்வதற்கென்ன, எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. காபிகூட வாங்கிக் கொடுத்தேன்.

அந்தக் காபி வீண். அவர் நூலகத்திலேயே உட்கார்ந்து, வயல் எலி எந்த மாதிரி ஒயரைக் கடிக்கிறது, எதைக் கடிப்பதில்லை என்று ஒரு கட்டுரை எழுதி, அது கருவிக் கட்டுரைக்கு முன்னாலேயே வெளியாகிவிட்டது. தோற்றதற்கும் ஒரு கட்டுரை! அதை இணையதளத்தில் ஏற்றிக்கொண்டிருந்தபோது அருண் என் மேஜைக்கு எதிரில் நின்றபடி அந்த விவசாயிக்கு ஸ்பீக்கரில் போன் போட்டுச் சந்தோஷமாக விஷயத்தைச் சொன்னார். அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது: "எலி கடிச்சதுக்கெல்லாம் பட்டம் தருவாங்கன்னா, எங்க தெருவுல எல்லாருமே டாக்டர்தான் தம்பி."

என் கையாலேயே பொன்னாடை

இதுவரை சொன்ன பொறாமையெல்லாம் தூரத்து வெயில். பக்கத்து அடுப்பு என்று ஒன்று உண்டு. அது என் உதவி நூலகர் ஷாஹினா. ராஜகிரிக்காரர், வீட்டுக்காரர் குவைத்தில். எனக்குக் கீழே வேலைக்குச் சேர்ந்தவர், நூலக மென்பொருளை நான் சொல்லிக் கொடுத்துக் கற்றுக்கொண்டவர். நூலக வாசலில் புத்தகம் தேட ஒரு கம்ப்யூட்டர் வைத்திருக்கிறோம். அதில் மாணவர்கள் எதையெல்லாம் தட்டித் தேடி, 'கிடைக்கவில்லை' என்ற பதிலோடு திரும்பிப் போகிறார்கள் என்பதை மட்டும் எடுத்து அவர் ஒரு கட்டுரை எழுதினார். பாடப் புத்தகம், பழைய வினாத்தாள், கும்பகோணம் பஸ் டைம், மனசு சரியில்லாவிட்டால் என்ன செய்வது என்று எல்லாமே அதில் தேடியிருக்கிறார்கள். படிக்கப் படிக்க எனக்கே விறுவிறுப்பாக இருந்தது. அதனால் இன்னும் கோபம் வந்தது. அந்தக் கம்ப்யூட்டரைத் தினமும் தாண்டிப் போகிறவன் நான்.

நல்ல ஆய்விதழ் ஒன்று அதை உடனே வெளியிட்டது. ஆண்டு விழாவில் கட்டுரை எழுதியவர்களுக்குப் பொன்னாடை. நூலகத்துக்காரருக்கு நூலகரே வழங்குவார் என்று மைக்கில் சொல்லிவிட்டார்கள். மடித்த பொன்னாடையை அவர் கையில் கொடுத்து, போட்டோவுக்குப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். கன்னம் வலித்தது. கீழே இறங்கியதும் ஷாஹினா உண்மையான நன்றியோடு சொன்னார்: "எல்லாம் உங்களாலதான் சார். அந்தக் கம்ப்யூட்டரை க்ளீன் பண்ணணும்னு நீங்க சொல்லிக்கிட்டே இருந்து பண்ணாம விட்டீங்க பாருங்க, அதனாலதான் பழசெல்லாம் அழியாம இருந்துச்சு."

திரையில் தெரிந்த தலைப்பு

அவருக்கு இடம் கொடுத்த இதழ் எனக்குக் கொடுக்காதா? ஆத்திரத்தில் அதே இதழுக்கு என் கட்டுரையை அனுப்பினேன். அங்கே நடைமுறை என்னவென்றால், எழுதியவர் பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டு, அதே துறையில் இருக்கும் இரண்டு பேருக்கு அனுப்பி அபிப்பிராயம் கேட்பார்கள். அவர்கள் சரி என்றால்தான் அச்சு. யார் எழுதியது என்று அவர்களுக்கும், யார் படித்தது என்று எழுதியவருக்கும் தெரியாது.

ஏப்ரலில் ஒருநாள் ஷாஹினா தன் மேஜைக்கு வரச் சொன்னார். "அந்த ஆய்விதழ்லேர்ந்து ஒரு கட்டுரையை ரிவ்யூ பண்ணச் சொல்லி எனக்கு அனுப்பியிருக்காங்க சார். எனக்கு இதுதான் முதல் தடவை, எப்படி எழுதணும்னு தெரியல" என்று திரையைத் திருப்பினார். தலைப்பைப் பார்த்தேன். என் தலைப்பு. கீழே என் அட்டவணை. நான் கவுன்டரில் படிவம் நீட்டியதெல்லாம் அவர் வேலைக்குச் சேருவதற்கு முன்பு, அதனால் அவருக்கு அது தெரியாது. அவரோ மவுஸை உருட்டிக்கொண்டே கேட்டார்: "ஒண்ணு புரியல சார். மாணவர்கள் ஏன் நூலகத்துக்கு வர்றதில்லைன்னு கேக்குறாரு. ஆனா படிவத்தை நூலகக் கவுன்டர்ல வச்சுக் கொடுத்திருக்காரு. வந்தவங்ககிட்ட ஏன் வரலைன்னு கேட்டா அவங்க என்ன சார் சொல்லுவாங்க?"

இத்தனை வருஷத்தில் எனக்கும் தோன்றவில்லை, என் ஆய்வு வழிகாட்டிக்கும் தோன்றவில்லை. 'பெரும்பாலான மாணவர்கள் தவறாமல் நூலகத்துக்கு வருகின்றனர்' என்று முடிவு வேறு எழுதியிருந்தேன். ஜூன் கண்முன் வந்து நின்றது. "சுமாரா இருக்கும்மா, போகட்டும்னு சரி சொல்லிடுங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் பேச்சைத் தட்டாதவர், அப்படியே எழுதிவிடுவார். சொல்லவில்லை. நேர்மை என்று பெருமையடித்துக்கொள்ள ஆசைதான். ஆனால் வாயைக் கட்டியது வெட்கம். எழுதியவன் நான் என்று கண்டுபிடித்துவிடுவாரோ என்ற பயம். "இதையெல்லாம் யார்கிட்டயும் காட்டக் கூடாதும்மா. உங்களுக்குத் தோணுறத நீங்களே எழுதுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். முதுகுக்குப் பின்னால் அவர் குரல் கேட்டது: "சரி சார். ஆனா பாவம், ரொம்ப உழைச்சிருக்காரு. தப்பான இடத்துல உட்கார்ந்துக்கிட்டு உழைச்சிருக்காரு."

கூட்டம் இருக்கும் இடம்

திருத்தி அனுப்புங்கள், நூலகத்துக்கு வராதவர்களிடம் கேட்டு எழுதுங்கள் என்று பதில் வந்தது. அதற்கு அவர்கள் கொடுத்த அவகாசமும் கொஞ்சம்தான். ஷாஹினாவுக்குத் தெரியாமல், படிவக் கட்டோடு முதல்முறையாக நூலகத்தை விட்டு இறங்கினேன். கேன்டீன் வாசலில் நின்றபோது, பரோட்டா மாஸ்டர் மேல் வந்த பொறாமையை எழுத்தில் சொல்ல முடியாது. அழைக்காமலே இத்தனை கூட்டம்! அவர் கல்லைத் தட்டினால் நாலு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள்.

ஒரு வாரம் கேன்டீன், பஸ் நிறுத்தம், மெஸ் என்று அலைந்தேன். ஊசி இல்லாமலே பதில் கொட்டியது. பையை வெளியே வைக்கச் சொல்கிறீர்கள், உள்ளே லேப்டாப் இருக்கிறது. லேப் முடிந்து வந்தால் நூலகம் பூட்டியிருக்கிறது. கடைசி பஸ்ஸை விட்டால் பாபநாசம் போக வழியில்லை. வெயிலில் நின்று அத்தனையையும் எழுதிக்கொண்டேன். நடுவில் ஒரு பெண் எதையோ சொல்லத் தயங்குவது தெரிந்தது. பரவாயில்லை, சொல்லும்மா என்றேன். பக்கத்தில் இருந்த தோழியைப் பார்த்துக்கொண்டே அது சொன்னது: "நீங்க இவ்வளவு நல்லாப் பேசுவீங்கன்னு தெரியாது சார். அங்க எங்களைப் பார்த்தா 'உஷ்'னு மட்டும்தானே சொல்வீங்க."

அதையும் கட்டுரையில் எழுதினேன். எழுதும்போது எரிச்சலாகத்தான் இருந்தது.

நன்றி, பெயர் தெரியாதவருக்கு

மே மாதக் கடைசியில் கட்டுரை வெளியானது. ஜூனில் ஆய்வேட்டை ஒப்படைத்துவிட்டேன். கட்டுரையின் அடியில், பெயர் தெரியாத மதிப்பீட்டாளர்களுக்கு நன்றி என்று ஒரு வரி போடுவது வழக்கம். நானும் போட்டிருந்தேன். தினமும் எதிரில் உட்கார்ந்து டிபன் பாக்ஸ் திறக்கிறவருக்கு 'பெயர் தெரியாதவர்' என்று நன்றி சொல்லும் வேதனையை நூலகத் துறையில் வேறு யாராவது அனுபவித்திருந்தால் எனக்கு எழுதுங்கள்.

இணையதளத்தில் அதை ஏற்றும் வேலை அன்றைக்கு ஷாஹினாவுடையது. பாதியில் எழுந்து என் அறை வாசலில் வந்து நின்றார். முக்காட்டை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்ததும் எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. அவர் சொன்னார்: "அது நீங்களா சார்? தெரியாம வரிக்கு வரி குத்தம் சொல்லி எழுதிட்டேனே. நீங்கன்னு தெரிஞ்சிருந்தா, ரொம்ப நல்லாருக்குன்னு ஒரே வரியில முடிச்சிருப்பேன்."

அவருடைய கட்டுரை முதலில் போனபோது, அதைப் படித்து அபிப்பிராயம் சொல்லச் சொல்லி அந்த ஆய்விதழ்க்காரர்கள் என்னிடம் அனுப்பாமல் விட்டார்களே, நூலகத் துறைக்கு அவர்கள் செய்த பெரிய சேவை அதுதான்.