வெயில் குறையட்டும்

வார விடுமுறை என்று ஒன்றைக் கண்டுபிடித்த ஆள் மட்டும் என் கையில் கிடைத்தால், செப்டம்பர் மாதத்தில் துபாய் பக்கத்து அஜ்மானில் எங்கள் ஃபிளாட்டுக்குள் கொண்டுவந்து அடைத்துவைப்பேன். ஏசி ஓடும். டிவி ஓடும். என் கணவர் தூங்குவார். அபுதாபிக்கும் அந்தப் பக்கம் ருவைஸில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் வேலை. வாரம் முழுக்க அங்கேயே தங்கி, வெள்ளிக்கிழமை அவ்வளவு தூரம் கார் ஓட்டிக்கொண்டு வந்து சேர்கிற மனுஷர். தூங்கட்டும், நான் வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் விழித்திருக்கிற கொஞ்ச நேரத்திலும் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "வெயில் குறையட்டும்."

கடற்கரைக்குப் போவோமா? வெயில் குறையட்டும். பார்க்கில் உட்கார்ந்து இட்லி சாப்பிடுவோமா? வெயில் குறையட்டும். இந்த ஊருக்கு வசந்தம் சித்திரையில் வராது. அக்டோபர் கடைசியிலோ நவம்பரிலோ, ஒரு நாள் காலையில் ஜன்னலைத் திறக்க முடிகிறதே, அன்றைக்குத்தான் வரும். அதுவரைக்கும் வீட்டுக்குள் அடைந்து கிடக்க வேண்டியதுதான்.

இதில் பாவம் எங்கள் மகள். ஜூனில் அவள் பிறந்தநாளுக்கு நீல சைக்கிள் வாங்கிக் கொடுத்து, "வெயில் குறைஞ்சதும் அப்பாவே கத்துத்தரேன்" என்று வாக்கு வேறு கொடுத்திருந்தார். கோடை முழுக்க அது ஹாலில் நின்றது. நான் அதில் துண்டு காயப்போட்டேன். அந்தச் சனிக்கிழமையும் காலையிலிருந்து அவள் சோபாவுக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவில் அதை உருட்டிக்கொண்டு, "அம்மா, ஐயம் ஸோ போர்ட்" என்று என் பிராணனை வாங்கிக்கொண்டிருந்தாள்.

"போய் உங்க அப்பாவை எழுப்பு."

"அப்பா ப்ராமிஸ் பண்ணிருக்காங்கம்மா. வின்டர்ல."

அவருக்கு வக்காலத்து! எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

மத்தியானம் சாம்பார் சாதத்தைப் பிசையும்போது அவருக்கு போன். இடது கையால் எடுத்து, "யெஸ் சார்... ஓகே சார்" என்றார். வைத்த பிறகு தட்டை ஓரமாகத் தள்ளினார்.

"என்னவாம்?"

"ஷட்டவுன். பிளான்ட்டை நிறுத்தி ரிப்பேர் பார்க்கணும். மார்ச் வரைக்கும் இழுக்கும். முடியிற வரைக்கும் லீவு கிடையாது, அங்கேயேதான்."

"எப்போ ஆரம்பம்?"

"வெயில் குறைஞ்சதும்."

வந்ததே எனக்குக் கோபம். கொளுத்துகிற வெயிலில் ஆட்களை இரும்பு மேல் ஏற்ற முடியாது. அதனால் பெரிய ரிப்பேரையெல்லாம் குளிர்காலத்துக்குத்தான் வைப்பார்கள். இது அவருக்குத் தெரியாதா? இத்தனை வருஷம் பிளான்ட்காரரைக் கட்டிக்கொண்டு குடித்தனம் நடத்துகிற எனக்குத்தான் தெரியாதா? தெரிந்தும் மூன்று பேரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தோம்.

"அப்போ இவ சைக்கிள்?"

"அடுத்த வருஷம்..." என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"அடுத்த வருஷம் எனக்கு இது சின்னதாயிடும்பா" என்றாள் மகள். அழக்கூட இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

"கலாஸ், பேச்சு முடிஞ்சுது. சாயங்காலம் கீழே போறோம்" என்றேன்.

"வெளியே ஹியூமிடிட்டி..."

"வேர்த்தா வேர்க்கட்டும். கரைஞ்சு போக நீங்க என்ன உப்புக்கல்லா?"

சாயங்காலம் கட்டடத்துக்குப் பின்னால், கார் நிறுத்துகிற காலி இடம். கதவைத் திறந்ததும் இட்லிப் பானையைத் திறந்த மாதிரி ஆவி முகத்தில் அடித்தது. அவருடைய மூக்குக் கண்ணாடி முழுக்கப் பனி மூடிவிட்டது. சட்டையில் துடைத்தார், மறுபடி மூடியது. ஒரு கையால் சீட்டைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, மூச்சு வாங்க ஓடினார். ஒரு கட்டத்தில் இரண்டு கையாலும் துடைக்க நின்றுவிட்டார். அவள் போய்க்கொண்டே இருந்தாள். ஆடி, வளைந்து, குப்பைத்தொட்டி வரைக்கும் போய்க் காலை ஊன்றினாள்.

"அப்பா! நானே ஓட்டினேன்! பாத்தீங்களா?"

இவர் சட்டை நுனியும் கையுமாக என்னிடம் திரும்பி, "ஓட்டினாளா?" என்றார்.

அட கடவுளே! எதற்காக அந்தக் குழந்தை இத்தனை மாசம் காத்திருந்ததோ, அதைக்கூடப் பார்க்கவில்லை இந்த மனுஷர்.

"அந்தக் கண்ணாடியைக் கழட்டித் தொலைங்களேன்!" என்று கத்தினேன்.

கழற்றி என் கையில் கொடுத்தார். கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்கு நாலடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. அதனால் இருட்டும்வரை அவள் பக்கத்திலேயே ஓடினார்.